கிருபை எடுத்து வைத்த பிடி அரிசி

மைக்கை ஓரமாக வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் சாதாரணமாகப் பேசினாலே கல்வராயன் மலையில் எதிரொலிக்கும் என்று எங்கள் சபையில் கேலி செய்வார்கள். சாப்பாட்டு நேரம் வரைக்கும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பின்பக்கம் சாம்பார் தாளிக்கிற வாசனை வருகிறது. உங்களில் பாதிப் பேருடைய மூக்கு அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போகட்டும், நான் பேசப்போவதும் சோற்றைப் பற்றித்தான்.

நீங்கள் எல்லாரும் ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள். பிரசங்கம் எப்படிச் செய்வது, வியாதிக்காரர் வீட்டில் எப்படி ஜெபிப்பது என்றெல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை மறுபடி சொல்லி உங்கள் உயிரை வாங்கப் போவதில்லை. போதகர் ஊரில் இல்லாத நாளில், இரண்டு கூட்டம் இரண்டு பக்கம் இழுக்க, எல்லாரும் உங்கள் வாயையே பார்க்கும்போது என்ன செய்வீர்கள்? அப்படி ஒரு நாள் எனக்கு வந்தது.

அப்போது நான் வடக்கனந்தலுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு சின்னச் சபையில் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபம் பண்ணுவது என் வேலை. ஊரில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'பைபிளம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். சபையில் எல்லாரும் கூலி வேலைக்காரர்கள். கரும்பு வெட்டப் போவார்கள், நாற்று நடப் போவார்கள், மழை ஏமாற்றினால் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார்கள்.

அந்தச் சபையில் பிடி அரிசி வழக்கம் உண்டு. பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். அடுப்பில் உலை வைத்து அரிசி போடுமுன், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். அது கர்த்தருக்கு. ஞாயிற்றுக்கிழமை டப்பாவை ஆலயத்துக்குக் கொண்டுவந்து பெரிய கூடையில் கொட்டுவார்கள். அதில் ஒரு பங்கு சபையில் இல்லாதப்பட்டவர்களுக்குப் போகும். இன்னொரு பங்கு ஊழியம் செய்கிறவர்களுக்கு வரும். அதாவது எனக்கு. அந்த ஊரில் நான் இருந்த வருஷமெல்லாம் தின்றது அந்தச் சோற்றைத்தான்.

கிருபை என்று ஒருத்தி அந்தச் சபையில் இருந்தாள். ஞானஸ்நானத்துக்கு முன்னால் அவள் பெயர் பச்சையம்மாள். அவள் புருஷன் கோவிந்தன் கடைசி வரைக்கும் 'பச்ச' என்றுதான் கூப்பிட்டான். அவன் நம் பக்கம் வரவில்லை, வருகிற எண்ணமும் அவனுக்கு இல்லை. ஆனால் அவளைத் தடுக்கவும் இல்லை. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. பிள்ளை வரம் கேட்டுத்தான் அவள் முதன்முதலில் ஜெபத்துக்கு வந்தாள்.

நானும் அவளோடு முழங்கால் போட்டு அழுது ஜெபித்திருக்கிறேன். பிள்ளை பிறக்கவில்லை. அவளோடு வந்த மற்றப் பெண்கள் கேட்டது கிடைக்கவில்லை என்றதும் ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். இவள் நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்தைப் பெருக்கி, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பது அவள்தான். எனக்கே ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல், "ஏம்மா, கேட்டது கிடைக்கலியே, உனக்கு வருத்தமா இல்லியா?" என்று கேட்டுவிட்டேன்.

"வருத்தம் இல்லாம இருக்குமா? ஜாஸ்தியா இருக்குது," என்றாள். "அதுக்குன்னு பேசறத நிறுத்திடுவாங்களா? எங்க வூட்டுக்காரருகிட்ட பொடவ கேட்டேன், நாலு தீவாளி போச்சு, வாங்கித் தரல. அவருகூட பேசாமயா இருக்கறேன்?"

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒரு வருஷம் மழை அடியோடு ஏமாற்றிவிட்டது. கோமுகி ஆற்றில் மணல்தான் ஓடியது. கரும்பு காய்ந்தது, கூலி வேலையும் நின்றது. அந்தச் சமயம் ஒரு நாள் மத்தியானம் கோவிந்தன் கிருபையின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பால் பவுடர் வந்த பழைய தகர டப்பா அது. அதைத் தரையில் நங்கென்று வைத்தான்.

"இந்தாங்க. வூட்ல ரெண்டு பேருக்கு கஞ்சிக்கே கம்மியா இருக்குது, இவ அதுலயும் ஒரு பிடிய எடுத்து வெச்சிக்கினு இருக்கறா. கேட்டா சாமிக்குங்கறா. சாமியா திங்குது? உங்க வயித்துக்குத்தானே போவுது?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. "ஆமாம்ப்பா, என் வயித்துக்குத்தான் போவுது," என்றேன். டப்பாவை அவன் கையில் திருப்பிக் கொடுத்து, வீட்டில் இருந்த அரிசியையும் அதிலே கொட்டி அனுப்பினேன். அவனுக்கு என் பதில் சப்பென்று ஆகிவிட்டது போலிருக்கிறது. சண்டைக்கு வந்தவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கிருபை வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்தே நான் பயந்துவிட்டேன்.

"நான் எடுத்து வெச்சத நீங்க ஏம்மா திருப்பிக் குடுத்தீங்க?"

"பட்டினி கிடக்கிறியேம்மா..."

"கெடக்கறேன். நான் உங்களுக்கா குடுத்தேன், நீங்க வேணாம்னு சொல்றதுக்கு? இல்லாதவ கையில என்னா இருக்குது குடுக்கறதுக்கு? எங்கிட்ட இருக்கறது அந்த ஒரு பிடிதான். அதயும் வேணாம்னுட்டா நான் எதக் கொண்டாந்து ஆண்டவரு முன்னால நிப்பேன்?"

இல்லாதப்பட்டவர்களுக்கான பங்கிலிருந்து அவள் வீட்டுக்கு மாதக் கடைசி வரைக்கும் அரிசி போக ஏற்பாடு செய்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். அதிலிருந்தும் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டாள். இந்த மனுஷியை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அடுத்த வருஷம் மழை வந்தது. கூடவே அவள் வயிற்றில் ஒரு கட்டியும் வந்தது. கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கோவிந்தனும் கூட்டிக்கொண்டு போனோம். முற்றிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பஸ்ஸில் வரும்போது கோவிந்தன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது மட்டும், "பச்ச, பாத்து எறங்கு," என்றான். அவன் அப்படி மெதுவாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு சமையல் அவன்தான். நான் போகும்போதெல்லாம் கிருபை பாயில் படுத்துக்கொண்டே அடுப்பங்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "பிடி எடுத்து வெக்கச் சொல்லியிருக்கறேம்மா. வெக்கறாரு. மொறச்சிக்கினே வெக்கறாரு," என்பாள். அவன் அங்கிருந்தே, "ஆமா, உங்காளுக்கு பாக்கி வெக்க முடியுமா," என்று முனகுவான். அந்த வலியிலும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

கடைசியில் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் சதையே இல்லை.

"அம்மா, எனக்கு ரெண்டு வேணும். என்ன நம்ம கல்லறத் தோட்டத்துல வெச்சிடுங்க. எங்க ஆளுங்க ஏரிக்கரை சுடுகாட்டுக்கு எடுத்துக்கினு போவப் பாப்பாங்க, வுட்டுடாதீங்க."

"சரிம்மா. இன்னொண்ணு?"

"அவர தள்ளி நிக்க வெச்சுடாதீங்க. பொண்டாட்டிய எடுக்கற அன்னிக்கு அந்த ஆளு வேத்தாளு மாதிரி நிக்கக் கூடாது."

இரண்டுக்கும் சரி என்று சொன்னேன். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று உடையும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவள் போன அன்று போதகர் மலை மேல் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தார். மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் நின்றுவிட்டது. அவர் வர வழியில்லை. அடக்கத்தை நீங்களே நடத்துங்கள் என்று சபை மூப்பர் என்னிடம் சொன்னார். அவருக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. பொம்பளை அடக்க ஆராதனை நடத்துவதா என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் வேறு ஆளில்லை.

மூப்பரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். பழைய சடங்குகளை விட்டதற்காக வாலிபத்தில் சொந்த அண்ணன் தம்பிகளிடமே அடி வாங்கியவர் அவர். ஒன்றை விட்டுக் கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்தார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

கோவிந்தனின் அண்ணன் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார். மேளம் வேண்டும் என்றார், மூப்பர் கூடாது என்றார். கோவிந்தனே எழுந்து, "அவளுக்கு சத்தம்னா தலவலி வரும், வேணாம்," என்று முடித்துவிட்டான். ஏரிக்கரையா கல்லறைத் தோட்டமா என்று அடுத்த பேச்சு வந்தது. அதற்கும் அவனே, "அவ கேட்டா மாதிரி செய்யுங்க," என்றான். பாதி நிம்மதி எனக்கு. ஜெபித்தேன், பாட்டுப் பாடினோம். மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. குழி வெட்டியாகிவிட்டது, மழை பிடித்தால் தண்ணீர் நிரம்பிவிடும். பெட்டியை மூடச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போது கோவிந்தன் வீட்டுக்குள் போய், அந்தப் பால் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்தான். அந்த வாரம் எடுத்து வைத்த பிடி அரிசி உள்ளே இருந்தது.

"வாய்க்கரிசி போடணும்," என்றான்.

இறந்தவர் வாயில் சொந்தக்காரர்கள் அரிசி போட்டு வழியனுப்புவது அவர்கள் வழக்கம். நம் சபையில் அது இல்லை, கூடாது என்பது கட்டுப்பாடு. மூப்பர் பாய்ந்து வந்தார்.

"அதெல்லாம் கூடாது. போட்டா கல்லறத் தோட்டத்துக்குள்ள வுட மாட்டோம். எங்க ஆளுங்க பெட்டியத் தொட மாட்டாங்க."

கோவிந்தனின் அண்ணன் எழுந்தார். "கட்னவன் வாய்க்கரிசி போடக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு? போடலன்னா பொணம் உங்க கல்லறத் தோட்டத்துக்கு வராது. ஏரிக்கரைக்குத்தான் போவும். பாத்துடலாம்."

இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கோவிந்தன் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் பெரிய வெளிச்சம் ஒன்றும் வானத்திலிருந்து வரவில்லை. சட்டம் மூப்பர் பக்கம் இருந்தது. கூடாது என்று நான் சொன்னால் ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவள் ஏரிக்கரைக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான். போடு என்று சொன்னால் சபை விலகிக்கொள்ளும், அப்போதும் ஏரிக்கரைதான். எப்படிச் சொன்னாலும் அவளுக்குக் கொடுத்த வாக்கு போயிற்று. ஆண்டவரே, எனக்குத் தெரியவில்லை என்று மனசுக்குள் சொன்னேன். அது ஒன்றுதான் நான் பண்ணின ஜெபம். டப்பாவைப் பார்த்தேன். 'நான் உங்களுக்கா குடுத்தேன்' என்று அவள் என்னிடம் சண்டை போட்ட சத்தம் காதில் கேட்டது.

"கோவிந்தா, இது யாரு எடுத்து வெச்ச அரிசி?" என்று கேட்டேன்.

"அவ சொல்லி நான் எடுத்து வெச்சேன்."

"யாருக்கு?"

"உங்க சாமிக்கு."

"ஞாயித்துக்கிழமையானா இத யாரு கொண்டு போவா?"

"அவதான் கொண்டு போவா."

"அப்ப இன்னிக்கும் அவளே கொண்டு போவட்டும்ப்பா. கையில குடு."

மூப்பர் என்னவோ சொல்ல வந்தார். "மூப்பரே, இது காணிக்கை. காணிக்கை கொண்டு போறவள நீங்க தடுப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

கோவிந்தனின் அண்ணன்தான் விடவில்லை. "வாயில போடற அரிசிய கையில குடுக்கறதா? எந்த ஊரு வழக்கம்டா இது? நீயும் கேட்டுக்கினு நிக்கறியே!"

கோவிந்தன் அண்ணன் பக்கம் திரும்பினான். அதுவரைக்கும் அழாதவன் அப்போது உடைந்துவிட்டான்.

"அவ வாயிக்கு நான் என்னிக்குண்ணா ஒழுங்கா போட்டேன்? இருக்கறதுல நல்லத எனக்குப் போட்டுட்டு, ஒரு பிடிய சாமிக்கு வெச்சுட்டு, கஞ்சித் தண்ணிய குடிச்சிக்கினு கெடந்தா. அப்பெல்லாம் போடாத வாயில இப்ப போட்டு இன்னா ஆவப் போவுது? அவ கையிலயே குடுக்கறேன், வுடு."

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். கோவிந்தன் குனிந்து ஒரு பிடி அரிசியை அவள் உள்ளங்கையில் வைத்தான். விரல்கள் விறைத்துப் போயிருந்தன. அரிசி நிற்காமல் வழிந்தது. அவன் தன் இரண்டு கையாலும் அவள் கையை மூடிப் பிடித்துக்கொண்டு, "புட்ச்சிக்க பச்ச, புட்ச்சிக்க," என்றான். எத்தனையோ அடக்கம் பார்த்தவள் நான். அன்றைக்கு ஆராதனையை முடிக்க எனக்குக் குரல் வரவில்லை. மீதியை மூப்பர்தான் ஜெபித்து முடித்தார். பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கித் தோளில் வைத்தவரும் அவர்தான். பின்பக்கம் கோவிந்தன். மழை தூற ஆரம்பிக்கும்போது கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தோம்.

அதே மூப்பர் அடுத்த வாரம் போதகரிடம் போய், நான் சடங்குக்கு இடம் கொடுத்துவிட்டேன் என்று புகார் சொன்னார். மனுஷர்கள் இப்படித்தான், இரண்டையும் செய்வார்கள். போதகர் நல்லவர். திட்டவில்லை. "அங்கே இருந்தது நீங்கதானேம்மா," என்று மட்டும் சொன்னார். ஆனாலும் சபையில் பேச்சு அடங்கவில்லை. கொஞ்ச நாளில் என்னை ரிஷிவந்தியம் பக்கம் மாற்றிவிட்டார்கள். நான் செய்தது சரியா என்று இன்றைக்குக் கேட்டால் மேலே போய்த்தான் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அவளுக்குச் சொன்ன இரண்டு வார்த்தையையும் காப்பாற்றினேன் என்பதுதான்.

கோவிந்தனும் இப்போது இல்லை. நான் ரிஷிவந்தியத்தில் இருந்தபோது காலமாகிவிட்டான். எனக்குச் சேதி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவனை ஏரிக்கரையில் வைத்தார்கள். அவள் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறாள். நடுவில் ஒரு கரும்புக் காடு இருக்கிறது. இதை நினைத்து நான் ஆண்டவரிடம் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது, சொல்லி முடித்துவிடுகிறேன். அவளை அடக்கம் பண்ணின அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். ஆலயத்து வேப்பமரத்தடியில் கோவிந்தன் நின்றான். உள்ளே வரவில்லை. கையில் அதே டப்பா. கிட்டே போனதும் நீட்டினான். உள்ளே அரிசி இருந்தது.

"அடுப்புகிட்ட போனா கை தானா எடுத்து வெக்குதும்மா," என்றான். "எனக்கு உங்க சாமியத் தெரியாது. அவ போன எடத்துல கேப்பாங்க இல்ல, இந்த வாரம் உன் வூட்லேர்ந்து ஏன் வரலன்னு. அதுக்குத்தான்."

நான் வாங்கிக் கூடையில் கொட்டினேன். அவன் டப்பாவைத் தட்டிச் சுத்தமாக்கிக்கொண்டு போனான். நான் அந்த ஊரில் இருந்த வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் வேப்பமரத்தடிக்கு வந்தான்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என் பங்குக்கு வந்த அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோய் உலையில் போட்டேன். சோறு வெந்தது. தட்டில் போட்டு உட்கார்ந்தேன். கை சோற்றுக்குள் போகவில்லை. 'உங்க வயித்துக்குத்தானே போவுது' என்று அவன் கேட்டது ஞாபகம் வந்தது. ஆமாம், என் வயிற்றுக்குத்தான் வந்திருக்கிறது. இதைத் தின்றுவிட்டு நான் எப்படி வாழப் போகிறேன்? அழுதுகொண்டே தின்றேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. தின்றுவிட்டுக் கையைக் கழுவி, பைபிளை எடுத்துக்கொண்டு, காய்ச்சலில் ஆள் கிடந்த ஒரு வீட்டுக்குக் கிளம்பிப் போனேன்.

சரி, மணி அடித்துவிட்டார்கள். வெளியே இலை போட்டாகிவிட்டது. இந்த அரிசி சுற்றுப்பக்கத்துச் சபைகளிலிருந்து வந்தது என்று காலையில் சொன்னார்கள். போய் உட்காருங்கள். வேண்டிய அளவு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், இலையில் மீதி வைக்காதீர்கள்.